நூல் கோத்துக் கொடுத்தவன்

ஊசிக் காதுக்குள் நூல் போகவே மாட்டேன் என்றது…

சின்னப்பொண்ணு மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் முயன்றாள். பட்டு நூல் வழுக்கிக்கொண்டு விலகியது. வெளியே ஐப்பசி மழை ஊற்றுகிறது, உள்ளே இவளுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. அந்தப் பக்கம் டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். அலமாரிப் பக்கம் முதுகைக் காட்டியபடி மதாம். பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி இரண்டு வருஷமாகியும், அந்த ஆஸ்பத்திரியில் தலைமை நர்சம்மாவை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

'இன்னிக்கும் கை நடுங்கினா மூட்டையக் கட்ட வேண்டியதுதான்' என்று காலையிலேயே சொல்லிவிட்டாள் மதாம். ஒரு வருஷ நர்ஸ் டிப்ளமாவில் பாதி போய்விட்டது. தேறாமல் வீட்டுக்குப் போனால், மீன்கூடை சுமக்கும் அம்மா அஞ்சம்மாள் தயாராக இருக்கிறாள். தை பிறந்ததும் கடலூர் மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அவன் குடித்துவிட்டு வந்தால் வீடே அலறும். ஐயோ, இந்த நூல் போனால் என்ன…

"கொஞ்சம் குடுங்க நர்சம்மா."

மேசையில் படுத்திருந்தவன்தான் சொன்னான். பெயர் தணிகாசலம். முதலியார்பேட்டையிலிருந்து வந்திருந்த மில் தறிக்காரன். தறியில் குறுக்கே ஓடும் நாடாக்கட்டை தெறித்து இடது உள்ளங்கையைக் கிழித்திருந்தது. வலியில் கிடப்பவனுக்கு அப்படியொரு கண்… மழையில் நனைந்த நாவற்பழம் மாதிரி, கறுகறுவென்று. அதைப் பார்த்து ஒரு நொடி அசந்தாள், அவ்வளவுதான். நல்ல கையால் ஊசியையும் நூலையும் வாங்கி, ஊசியை அடிபட்ட கையின் விரல் நுனியில் இடுக்கி, நூல் நுனியை உதட்டில் வைத்து ஈரமாக்கி, ஒரே இழுப்பில் கோத்து நீட்டிவிட்டான். தறியில் நூல் அறுந்தால் மில்காரர்கள் எல்லோரும் செய்வது அதுதானே. முகத்தில் பெருமை வேறு.

சின்னப்பொண்ணு சட்டென்று ஊசியைப் பிடுங்கிக்கொண்டாள். கொதிக்க வைத்த ஊசி, ஸ்பிரிட்டில் ஊறிய நூல்… இவன் வாயில் வைத்துவிட்டான், பாவி.

"ரெடியா?" என்றாள் மதாம், திரும்பாமலே.

யாரும் பார்க்கவில்லை. டாக்டரிடம் நீட்டிவிட்டால் தீர்ந்தது, மதாமும் தலையாட்டுவாள். ஆனால் இவன் கை? சீழ் பிடித்தால் தறிக்கு எப்படிப் போவான்? சனியன், நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

"இல்ல மதாம்… ஊசி கெட்டுப் போச்சு. மறுபடி கொதிக்க வைக்கணும்."

"எப்படி?"

"என் தப்புதான்."

டாக்டர் காத்திருக்க வேண்டியதாயிற்று. மதாமின் முகம் சிவந்தது. வேறொருத்தி வந்து நூல் கோத்தாள். சின்னப்பொண்ணைப் பின்கட்டில் துணி அவிக்க அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவனை ஒரு முறை முறைத்தாள் பாருங்கள், மேசையோடு ஒட்டிக்கொண்டான் அவன்.

அதற்கப்புறம் கட்டு மாற்ற வரும்போதெல்லாம் பின்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தான். ஆவிக்கு நடுவில் அவள் தலை நிமிரவே இல்லை. மதாம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. யார் குரல் கேட்டாலும் மதாம்தான் கூப்பிட்டு அனுப்புகிறாள் என்று நினைத்தாள். 'இன்னிக்கோ நாளைக்கோ… போன்னு சொல்லிடுவாங்க.'

தையல் பிரிக்கும் நாளன்று நிஜமாகவே கூப்பிட்டு அனுப்பினாள் மதாம். போனால், அங்கே தணிகாசலம் நிற்கிறான்.

"ஊசியக் கெடுத்தது நீயில்லையாமே. இவர்தான் நூல வாயில வச்சாராம்" என்றாள் மதாம்.

சின்னப்பொண்ணுக்குச் சுரீர் என்றது. "எனக்காகப் பேசச் சொல்லி நான் கேட்டனா?" என்று அவன் பக்கம் திரும்பினாள். "உங்க சிபாரிசுல நான் நர்சாவணுமா?"

"நடந்தத சொன்னேன்… துணி அவிக்கிறதப் பாத்துட்டு எனக்குச் சோறு எறங்கல."

"எறங்கலன்னா கஞ்சி குடிங்க."

மதாமின் உதடு லேசாகத் துடித்தது, சிரிப்பை அடக்கத்தான். "நோயாளி கைக்கு எட்டுற மாதிரி ஊசிய வச்சிருந்தது உன் தப்புதான். ஆனா சொல்லாம விட்டிருந்தா இந்தக் கை இப்படி ஆறியிருக்காது. உக்காரு. இவர் தையல நீயே பிரி. நடுங்கினா… அப்புறம் உன் இஷ்டம்."

கத்தரியை எடுத்தாள். தை மாசம், கடலூர், அம்மா… எல்லாம் விரல் நுனிக்கு வந்து நின்றன. அவன் உள்ளங்கையைத் தன் இடது கையில் ஏந்தினாள்.

அட, அவன் கையல்லவா நடுங்குகிறது!

"ஆட்டாதீங்க."

"முடியல…"

"கத்தரிக்கா பயம்?"

"அதுக்கில்ல." அவன் குரல் அவளுக்கு மட்டும்தான் கேட்டது. "புடிச்சிருக்கீங்களே… அதுக்கு."

காது மடல் சுட்டது அவளுக்கு. மதாம் பக்கத்திலேயே நிற்கிறாள். சிரிக்கவும் முடியாது, திட்டவும் முடியாது. அவன் கையை இறுக்கிப் பிடித்தாள். நடுங்குகிற கையை அமர்த்துகிற வேலையில் தன் கையை மறந்தே போனாள். முடிச்சைத் தூக்கி, வெட்டி, இழுத்து… தையல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

மதாம் குனிந்து பார்த்தாள். "நாளைலேர்ந்து மேசைக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சின்னப்பொண்ணுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தட்டைக் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். அவன் இன்னும் போகவில்லை.

"கையும் ஆறிப் போச்சு," என்றான். "இனிமே என்னத்தச் சொல்லிக்கிட்டு நான் இங்க வர்றது?"

"எதுக்கு வரணும்?"

"உங்களப் பாக்காம இருக்க முடியாது போல இருக்கு… அதான்."

சின்னப்பொண்ணு கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். குப்பத்துப் பெண் நான், இவன் வீட்டில் ஏற்பார்களா, அம்மா வெட்டிப் போடுவாளே… பயம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியது. ஆனால் கை மட்டும் நடுங்கவில்லை.

"டிப்ளமா முடியற வரைக்கும் இங்க வராதீங்க," என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

"அப்புறம்?"

"அப்புறம் வூட்டுக்கு வாங்க. எனக்குப் புடிச்சிருக்குன்னு அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."