மண்டபத்தூரில் நான்கு டிகிரி

பனியை வென்ற பிறகுதான் மனிதன் மனிதனானான் என்பது ஹரிஹரனின் தீர்ப்பு. அதற்குச் சாட்சியாகத்தான், மார்கழி விடியலிலும் மின்விசிறி சுற்றும் மண்டபத்தூர்க் கடற்கரையில், தம் விடுமுறை மாளிகையின் ஆறு அறைகளிலும் வெந்நீர் ஓடும் குழாய் பதித்து, சுவருக்குச் சுவர் இரும்பு ரேடியேட்டர் நிறுத்தியிருந்தார். பிரெஞ்சுக்காரர்களைப்போல முசியே என்று அழைத்தால்தான் திரும்புவார். பிரெஞ்சு ராணுவத்தில் முப்பது வருஷம் என்பார். சமையல்கட்டில் என்பதைச் சொல்ல மாட்டார். பாய்லரை இதுவரை ஒரே ஒரு முறை மூட்டினார்கள். கிரகப்பிரவேசத்தன்று, சம்பந்தி வேர்த்து மயங்கி விழும்வரை.

காவலுக்கு உத்திராபதி. அவனும் மனைவி சொர்ணாம்பாளும் பின்கட்டில் குடியிருந்தார்கள். வாடகை கிடையாது, ஒரே ஒரு நிபந்தனை. தினம் மாலை ஐந்து மணிக்கு, பிரான்சின் மலையோர ஊர் ஒன்றிலிருந்து முசியே வீடியோவில் வருவார். ஒவ்வோர் அறையிலும் சுவரிலிருக்கும் வெப்பமானியைக் காட்ட வேண்டும்.

"அஞ்சு டிகிரிக்குக் கீழ போனா உள்ள இருக்கிற தண்ணி உறைஞ்சு குழாய் வெடிச்சுடும். வெடிச்சா ரெண்டு பேரும் பெட்டியக் கட்டிட வேண்டியதுதான்."

வெப்பமானி முப்பத்தொன்று காட்டும். இன்றைக்குத் தப்பித்தோம் என்பதுபோல முசியே தலையாட்டுவார். அதற்குப் பிறகும் போனை வைக்க மாட்டார். என்ன மீன் வந்தது, காற்று எந்தப் பக்கம், தெருநாய் குட்டி போட்டதா என்று இழுப்பார். அங்கே அவருக்குப் பேச வேறு ஆள் இல்லை என்பது ஊருக்குத் தெரியாது, உத்திராபதிக்குத் தெரியும். டீக்கடையில் அவன் இதையெல்லாம் நடித்துக் காட்டாத நாளில்லை. "வீட்ட ஃப்ரிட்ஜுக்குள்ளயா கட்டியிருக்காரு உங்க முசியே?" என்பார் கடைக்காரர் காஜா மைதீன்.

தை பிறந்தது. முசியே இப்போதெல்லாம் கூப்பிடுவதில்லை என்று உத்திராபதி மனைவியிடம் சொல்லியிருந்தான். அவள் அறுப்புக்காகச் சுரக்குடியில் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தாள்.

அன்று பிற்பகல், கூடத்து ரேடியேட்டர் மேல் காயப்போட்டிருந்த துண்டை எடுத்தான். அது மடங்கவில்லை. பலகைபோல விறைத்து நின்றது. ஜன்னலுக்கு வெளியே வெயில் மணலைப் பொரித்துக்கொண்டிருந்தது. கருவாட்டு வீச்சமும், மீன் ஏலம் விடுகிறவரின் குரலும் எப்போதும்போல உள்ளே வந்துகொண்டிருந்தன. ஆனால் அந்த வீச்சம் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கி, இந்த ஊரில் எவரிடமும் இல்லாத ஒரு வாடைக்கு, நனைந்த கம்பளிக் கோட்டின் வாடைக்கு, இடம் விட்டது. குழாய்க்குள் எங்கோ டொக் என்றது. பல்லி என்று நினைத்தான். மூன்று தட்டல், ஓர் இடைவெளி, மறுபடி மூன்று. பல்லிக்கு எண்ணத் தெரியாது.

வெப்பமானியில் பதினாறு. கெட்டுப்போயிருக்கும் என்று விரலால் சுண்டினான். பதினொன்று.

சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு புகையாக வந்தது.

அப்போதும் அவன் நினைத்தது, குடியிருக்கும் பின்கட்டு கைவிட்டுப் போய்விடுமே என்றுதான். தண்ணீரை வடித்துவிட்டால் குழாய் பிழைக்கும். முசியே நூறு தடவை சொல்லி, அவன் நூறு தடவை செய்தாயிற்று என்று சொல்லி, ஒரு தடவையும் செய்யாத வேலை. வாளியை வைத்து, வடிகுழாயின் திருகைப் பிடித்தான். உள்ளங்கை இரும்போடு ஒட்டிக்கொண்டது. இழுத்தான். தோல் வந்தது. திருகு திறந்தது.

தண்ணீர் வரவில்லை. ஒரு மூச்சு வந்தது. நீளமாக. கிழவரின் மூச்சு.

ஏழு. ரேடியேட்டரில் வெள்ளை படர்ந்தது. வாசற்கதவைத் தள்ளினான். அசையவில்லை. ஏலக் குரல் நின்றுவிட்டிருந்தது. டொக். டொக். டொக். ஆறு.

யாரையாவது கூப்பிடலாமென்று போனை எடுத்தான். திரை ஏற்கெனவே ஒளிர்ந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல். முசியே.

விரல் தானாகத் தொட்டது.

"சொல்லுங்க முசியே," என்றான், பழக்கத்தில்.

ஓர் அறை தெரிந்தது. இதே போன்ற ரேடியேட்டர். இருக்கிற கோட்டையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, முசியே அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இமைமயிர் வெளுத்திருந்தது. கண் திறந்திருந்தது. சிமிட்டவில்லை. கை மட்டும் எழுந்து முட்டியால் இரும்பைத் தட்டியது.

டொக். டொக். டொக்.

சத்தம் போனிலிருந்து வரவில்லை. உத்திராபதியின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"இங்க பாய்லர் நின்னு போச்சு, உத்திராபதி," என்றது கூடத்து ரேடியேட்டர். படத்தில் உதடு அசையவில்லை. "அங்க தண்ணிய வடிச்சிட்டியா?"

ஐந்து.

நான்கு.

எடுக்காத அழைப்புகளில் அந்தப் பெயர் நூற்றுப் பதினொரு தடவை இருந்தது. மார்கழி முதல் தேதி, டீ குடித்துக்கொண்டே, அந்த எண்ணுக்கு மட்டும் மணி அடிக்காதபடி காஜா மைதீனைக் கொண்டு போனில் மாற்றி வைத்திருந்தான் உத்திராபதி.