அடியிலிருந்து இரண்டு தட்டு

படகைக் கரையேற்றி வாரக்கணக்கில் ஆகியும் அதன் வயிற்றுக்குள் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கடலில் மிதக்கிற படகில் தண்ணீர் ஏறினால் எங்கோ ஓட்டை என்று சொல்லிவிடலாம். இதுவோ பட்டறையின் காய்ந்த மண்ணில், தடித்த கட்டைகளின் மேல், ஏணி வைத்து ஏறுகிற உயரத்தில் நிற்கிறது. மழை என்று ஒரு சொட்டு விழவில்லை. ஆனாலும் தினமும் தரைப்பலகையைத் தூக்கினால் கீழே பள்ளத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அவன் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்புக் கரித்தது.

அவன் ஏசி மெக்கானிக். ஊரார் வீட்டுச் சுவர்களில் ஒழுகுவதையெல்லாம் தேடிப் பிடித்து நிறுத்தியே பிழைப்பை ஓட்டியவன். சொந்தப் படகில் ஒழுகுவதை நிறுத்தத் துப்பில்லையே என்று மனைவி சொல்லிக்காட்டியபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது. வீட்டை விற்று இந்தப் பழைய பாய்மரப் படகை வாங்கியதும், இதிலேயே குடியிருக்கலாம் என்று அவளைப் பேசிப் பேசிக் கரைத்ததும் அவன்தான். இப்போது அவள் பேச்சில் விளையாட்டு இல்லை. பட்டறையின் மாடி அறையில் மூன்று பேரும் முடங்கிக் கிடந்தது போதும், இன்று சாயங்காலத்துக்குள் படகு காயாவிட்டால் காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா ஊருக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டாள். அங்கே பள்ளிக்கூடத்தில் இடம்கூடக் கேட்டு வைத்தாயிற்று. அவள் கத்திச் சண்டை போடுகிறவள் அல்ல, அமைதியாகப் பெட்டி கட்டுகிறவள். போனால் திரும்ப மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

மதியம் மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, அந்தப் பட்டறையிலேயே தச்சன். உள்பலகைக்கும் வெளிப்பலகைக்கும் நடுவில் தண்ணீர் தேங்கியிருக்கும், அங்கங்கே துளை போட்டால் தானாக வடிந்துவிடும் என்றான். அதற்கு ஒருவர் உள்ளே இருக்க வேண்டும், ஒருவர் வெளியே நிற்க வேண்டும். கத்தினால் காதில் விழாது என்பதால் பேச்சு முழுக்கச் சுத்தியலில்தான். துளை போட நினைக்கும் இடத்தில் உள்ளே இருப்பவர் இரண்டு தட்டு தட்டுவார். இங்கே திறக்கலாமா என்று அர்த்தம். அந்த இடத்தில் படகைத் தாங்கும் முட்டுக்கட்டை இருந்தால் வெளியே நிற்பவர் ஒரு தட்டு தட்டுவார், வேண்டாம். இல்லையென்றால் மூன்று தட்டு. திற.

மகளுக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடித்துப்போயிற்று. எதையும் விடாமல் குடைகிறவள் என்பதால் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்து, அதுவும் தேய்ந்து சுண்டு ஆகியிருந்தது. மாமனிடமிருந்து சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு எல்லாப் பதிலையும் அவளே தட்டினாள். மூன்று தட்டு என்றால் குஷி. ஒரு தட்டு தட்ட நேர்ந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து அவன் கை டிரில்லால் எத்தனையோ இடத்தில் துளைத்தும் காய்ந்த மரத்தூள்தான் உதிர்ந்தது. மச்சினன் மண்டையைச் சொறிந்தான். அக்காவுக்குப் பயந்து மாமா உள்ளே உட்கார்ந்து அழுது பள்ளத்தை ரொப்புகிறாரோ என்று கிண்டலடித்துவிட்டு, டிரில்லை அங்கேயே விட்டு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

சுண்டுவும் மாடிக்குப் போய்விட, தனியாக நின்றவன் துளைகளை ஆப்பு வைத்து அடைத்தான். பள்ளத்தைத் துணியால் ஒற்றிக் காயவைத்து, சுண்டுவின் முகப் பவுடரை உள்ளே எங்கும் தூவினான். எங்கிருந்து கசிகிறதோ அங்கிருந்து பவுடரில் கோடு விழும். தொழிலில் பழகிய வித்தை. பிறகு காத்திருந்தான். வட்டச் சன்னல் வழியே வந்த மாலை வெயில் பலகைச் சுவரில் மெல்ல மேலேற, தாரும் பழைய பெயின்டும் பவுடர் வாசனையும் கலந்து நெஞ்சைக் கரிக்க, பாய்மரத்தில் கயிறு விட்டுவிட்டு மோதுகிற சத்தத்தைக் கேட்டபடி அவன் கண்ணயரும் நேரத்தில், காலுக்குக் கீழிருந்து அது வந்தது. இரண்டு தட்டு.

மச்சினன் விளையாடுகிறான் என்று நினைத்தான். மேலே ஏறி எட்டிப் பார்த்தான். பட்டறையில் ஆளே இல்லை. ஏணியில் இறங்கிக் குனிந்தும் பார்த்தான். கட்டைகளுக்கு நடுவே அந்தப்பக்கத்து வெளிச்சம் தெரிந்தது, மண்ணில் சுண்டுவின் செருப்புத் தடம் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை.

திரும்பி வந்தபோது பவுடரில் கோடு விழுந்திருந்தது. பள்ளத்தின் நடுவில் தொடங்கி அது முன்பக்கம் போனது. படகு பின்பக்கம் சரிந்து நிற்கிறது. தண்ணீர் மேட்டில் ஏறியிருந்தது. தரைப்பலகையைத் தாண்டி, மகளின் சின்ன முன்னறைக் கதவு வரை.

மறுபடி இரண்டு தட்டு. அவன் சுத்தியலை எடுத்து ஒரு தட்டு தட்டினான். வேண்டாம்.

நின்றது.

கேட்பவர்தான் உள்ளே இருப்பார் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பதில் சொல்கிறவர் வெளியே. பதில் தட்டியது அவன். ஓடிவிட வேண்டும் என்று கால் துடித்தது. அதற்குள் ஏணியில் மனைவியின் காலடி கேட்டது. அவன் பவுடரையும் ஈரத்தையும் அவசர அவசரமாகத் துடைத்தான். அவள் தலையை உள்ளே நீட்டி என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"நின்னுடுச்சு," என்றான்.

அவள் இறங்கிவந்து பலகையைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. கண் கலங்கியிருந்தது.

"எனக்கு மட்டும் போகணும்னு ஆசையாங்க?" என்றாள்.

அதற்குப் பிறகு அவனால் எப்படி உண்மையைச் சொல்ல முடியும்? அந்த ஒரு வார்த்தைக்காக இத்தனை நாள் ஏங்கியிருந்தான். அவள் மெத்தையைக் கொண்டுவந்து முன்னறைக் கட்டிலில் விரித்தாள். சுண்டு துள்ளிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மனைவி படுக்கை உறையை மடித்துக்கொண்டே ஏதோ பேச, அடியிலிருந்து மறுபடி அது கேட்டது. அவன் உரக்க இருமியபடி குதிகாலால் ஒரு தட்டு தட்டினான்.

என்ன சத்தம் என்றாள். காற்றில் கயிறு மோதுகிறது என்றான்.

இன்னொரு தடவை. இப்போது இரண்டு முழம் முன்னால். அவன் நகர்ந்துபோய்க் குதிகாலை ஊன்றினான். வேண்டாம். மறுபடி. இன்னும் முன்னால். வேண்டாம். சட்டை முதுகோடு ஒட்டியது. மனைவி, தலையணை மாடியிலேயே கிடக்கிறது, எடுத்து வருகிறேன் என்று ஏணியில் இறங்கினாள்.

சொல்லிவிடலாம். போனால் போகட்டும். அக்கா ஊருக்கே போகட்டும், காலையில் வேண்டாம், இப்போதே போகட்டும். முதலில் பிள்ளையைத் தூக்கு.

அவன் முன்னறைப் பக்கம் திரும்பினான்.

இரண்டு தட்டு. மூடிய கதவுக்கு அந்தப்பக்கம்.

சுத்தியலைத் தேடினான். பெட்டியில் இல்லை. பெஞ்சில் இல்லை. எங்கே வைத்தோம்?

முன்னறையிலிருந்து பதில் வந்தது. சின்னக் கை, பெரிய சுத்தியல். ஒன்று. இரண்டு. மூன்று.

பிறகு டிரில் சுற்றுகிற சத்தம். மெதுவாக. கிரீச். கிரீச். மச்சினனின் டிரில் அவன் காலடியில்தான் கிடந்தது.

கதவை இழுத்துத் திறந்தான்.

சுண்டு மெத்தையை ஒதுக்கிவிட்டுக் கட்டில் பலகையில் குப்புறப் படுத்து, காதை மரத்தோடு ஒட்டிவைத்திருந்தாள். அவனைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

"நான் சரின்னு சொல்லிட்டேன்ப்பா. பாவம், எவ்ளோ நேரமா கேட்டுக்கிட்டே இருக்காங்க."

அவள் கன்னத்துக்குப் பக்கத்தில், பலகையின் நடுவிலிருந்து, ஈர மரத்தூள் கீழிருந்து மேலாகச் சுருண்டு சுருண்டு வந்து குவிந்தது. டிரில் நின்றது. முனை வழுக்கிக் கீழே போனது. துளைக்குள் வெளிச்சம் இல்லை.

அவன் கை நீட்டுவதற்குள் சுண்டு குனிந்து அதில் கண்ணை வைத்தாள்.