திருமயத்திலிருந்து வந்த சீர்

"மகளிர் குழுவுல இருந்து அரிசி வெல்லத்தைத் தூக்கிக்கிட்டு எவளாச்சும் வாசப்படி ஏறட்டும், நடக்கிறதே வேற! நான் இன்னும் செத்துப்போகல!"

பொங்கலுக்கு முதல் நாள் காலையிலேயே நாகராசு கத்தத் தொடங்கிவிட்டான். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்த கொத்தனாரிடம் மிச்சமிருந்தது வீம்பு மட்டும்தான். அரிசிப் பானையின் அடியை வழித்துக்கொண்டிருந்த அவன் மனைவி கண்ணாத்தாளுக்கு அழுகை முட்டியது.

அவள் ஏக்கம் அரிசிக்காக அல்ல, தம்பி குணசேகரனுக்காக. இந்த அரிமளத்துக்கு அவன் இருக்கும் திருமயம் என்ன, கடல் தாண்டியா இருக்கிறது? ஆனாலும் அவன் மகள் ஹரிணியின் சடங்குக்கு இவள் போகாததிலிருந்து அவன் எட்டிப்பார்க்கவில்லை. பெண்ணுக்கு முதல் தண்ணீர் ஊற்ற வேண்டியவள் அத்தை. உச்சிப்பொழுதுவரை மகளை உட்காரவைத்துக் காத்திருந்தானாம், பாவி! வைத்தியத்துக்கு நகையெல்லாம் போய்விட்டது. வெறும் மஞ்சள் கயிறோடு சபையில் நின்று தம்பியின் மானத்தை வாங்கக் கூடாதென்று இவள் வீட்டிலேயே கிடந்து அழுதாள். யாரிடமும் சொல்லவில்லை. அக்காவுக்குக் கொழுப்பென்று முடிவுகட்டி, அவன் பொங்கல் சீரையும் நிறுத்திவிட்டான்.

மகளிர் குழுத் தலைவி ராஜலட்சுமிக்கு நாகராசின் குணம் தெரியும். கஷ்டப்படும் வீடுகளுக்கென்று ஊரெல்லாம் சேர்த்ததில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மத்தியானம் வந்தாள். புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு சேலை.

"கண்ணாத்தாக்கா! ஒங்க தம்பி திருமயத்துல பஸ்ஸுல ஏத்திவிட்டாராம். கடைத்தெருவுல எறக்குனாங்க, எடுத்தாந்தேன்."

நாகராசு பானையை உள்ளே வைக்கச் சொன்னான். மச்சான் வீட்டுச் சீர் உரிமையாயிற்றே! ஆனால் கண்ணாத்தாள் சேலையை முகத்தில் அழுத்திக்கொண்டு போனை எடுப்பாள் என்று ராஜலட்சுமி நினைக்கவேயில்லை. அவளுக்கு உயிரே போய்விட்டது.

"தம்பீ... சீரு வந்துருச்சுடா! அக்காவ மறக்கலையேடா நீ... எனக்கு இது போதும்டா..."

மறுமுனையில் போன் அணைந்துவிட்டது.

மறுநாள் பொங்கல் பொங்கும் நேரத்தில் வாசலில் ஆட்டோ நின்றது. கரும்புக் கட்டோடு குணசேகரன் இறங்கினான், பின்னால் ஹரிணி.

"நான் அனுப்பலக்கா..." அவன் கரும்பைச் சுவரில் சாத்தினான். "அனுப்பாத சீருக்கு நீ அழுதியே... ராத்திரி பூரா தூங்கலக்கா."

பொங்கலுக்கு ஒத்தாசையாக வந்திருந்த ராஜலட்சுமியைக் கண்ணாத்தாள் பார்த்தாள். அவள் தலைகுனிந்து நின்றாள். சுவரைப் பிடித்தபடி எழுந்த நாகராசு கைகூப்பினான்.

"பொய் சொல்லியா எனக்குச் சோறு போட்ட, தாயி?"

"வேற வழி தெரியலண்ணே..."

குணசேகரனின் கண் அக்காவின் கழுத்தில் நின்றது.

"நகையெல்லாம் எங்கக்கா?... அன்னிக்கு இதுக்காகவா வரல?"

"ஒன் மாமனார் வீட்டுச் சனத்துக்கு முன்னால ஒனக்குத் தலகுனிவாயிருமேன்னுதான்..."

"அடிப்பாவி அக்கா! நீ வெறும் கயித்தோட வந்து ஊத்தியிருந்தாலும் நான் நெஞ்ச நிமித்தி நின்னுருப்பேனே! ஒன்னய என்னவெல்லாம் நெனச்சிட்டேன்..."

அவன் குழந்தை மாதிரி விசும்பினான். ஹரிணி ஓடிவந்து அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"இந்தச் சீரையாவது வாங்கிக்க அக்கா..."

"சீரு கெடக்குடா கழுத!" கண்ணாத்தாள் அவன் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "நீ வந்துட்டியேடா..."