பித்தளைத் தகடு சொன்ன பொய்

"ஐயோ...!"

காலை ஒன்பது மணிக்கு அந்த ஷோரூமிலிருந்து வெடித்த அலறல், தெருவில் போனவர்களைச் சடன் பிரேக் போட வைத்தது.

பழைய காலத்து பெட்ரோல் பம்புகளை வாங்கி விற்கும் ஷோரூம் அது.

முதலாளி தரையில் மல்லாந்து கிடந்தார். அவர் மார்பின் மேல் ஒன்பதடி உயர பம்பு ஒன்று!

பம்பின் உச்சியிலிருந்த கண்ணாடி உருளை நொறுங்கி, சிவப்புச் சாயத் தண்ணீர் ஹால் முழுக்க ஓடியிருந்தது. அதில் சாயம் எவ்வளவு... ரத்தம் எவ்வளவு...?

அலறியவள் அவருடைய மனைவி.

இன்ஸ்பெக்டர் வந்தார். பம்பைத் தூக்கி ஓரமாய்ச் சாய்த்தார்கள். உடலை வெள்ளைத் துணி மூடியது.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?"

"சந்தேகமா? சத்தியமே பண்றேன் சார்! என் நாத்தனார்தான்! கூட்டிட்டு வாங்க அவளை!"

கூட்டி வந்தார்கள்.

இறந்தவரின் ஒரே தங்கை. பின்தெருவில் பட்டறை வைத்துப் பழைய பம்புகளைப் பழுது பார்ப்பவள். எல்லோரும் அவளைக் கூப்பிடுவது 'ஸ்பானர்' என்று. துருப்பிடித்த ஒரு மூடியைக் காட்டினால் போதும்... எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று புட்டுப் புட்டு வைப்பாள்.

வந்தவள் துணியை விலக்கி அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. பல்லைக் கடித்தாள்.

"நடிக்காதேடி!" பாய்ந்தாள் அண்ணி. "சார், நேத்து சாயங்காலம் இதே வாசல்ல நின்னு, 'அந்தப் பம்பு உன் தலையிலதான் விழணும்'னு கத்தினா! தெருவே கேட்டுச்சு!"

"கத்தினியா?" இன்ஸ்பெக்டர் முறைத்தார்.

"கத்தினேன்."

"எதுக்கு?"

"அது எங்க வீட்டு விஷயம் சார்."

"கொலை நடந்தா அது என் விஷயம்! " மூலையில் நாலு போல்ட்டோடு கிடந்த ஸ்பானரை எடுத்து நீட்டினார். "இது யாரோடது?"

"என்னோடது. அண்ணன் போன மாசம் எடுத்துட்டுப் போனான். திருப்பித் தரல."

"சொல்ல மாட்டே பின்னே? ராத்திரி வந்து, பம்பைத் தரையோட பிடிச்சிருந்த நாலு போல்ட்டையும் இதாலதான் கழட்டியிருக்கே! பொம்பளைன்னு பாக்கறேன்... உண்மையைச் சொல்லு!"

அவள் மூக்கு விடைத்தது.

அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாய்ச் சொல்லக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவள். துணிக்கடியில் கிடப்பவனின் மானமா... தன் கழுத்தா?

பெண் கான்ஸ்டபிள் விலங்கோடு நெருங்கினாள்.

"நில்லுங்க!" ஹாலே அதிர்ந்தது. "சார், இது என்ன பம்பு?"

"என்னையே கேள்வி கேக்கறியா?" என்றாலும், குனிந்து பித்தளைத் தகட்டைப் படித்தார். "டார்ன்லி... மாடல் ஆறு."

"தகடு சொல்லுது. பம்பு சொல்லுதா? தட்டிப் பாருங்க அடிப்பாகத்தை!"

தட்டினார்.

டொங்...!

"தகர டப்பா மாதிரி சத்தம் வருதுல்ல? டார்ன்லி ஆறுக்கு அடிப்பாகம் கெட்டி வார்ப்பிரும்பு. தட்டினா உங்க விரல்தான் வலிக்கும். கதவுக் கீலைப் பாருங்க. ஆறுக்கு மூணு கீல். இதுல ரெண்டு. இது டார்ன்லி எட்டு சார்! எட்டு, எங்க தேடினாலும் கிடைக்கும். ஆறு, தவம் கிடந்தாலும் கிடைக்காது. தகடு பழசு, அதைப் பிடிச்சிருக்கிற ரிவெட் பளபளன்னு புதுசு. யாரோ மாத்தி அடிச்சிருக்காங்க."

"சரி, போலி. அதுக்கும் சாவுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஆறு தன்னோட கனத்துலயே நிக்கும். போல்ட்டே கிடையாது, ஓட்டையும் கிடையாது. எட்டுக்கு நாலு போல்ட் கட்டாயம். அந்த நாலு மூலையையும் பேனாவால குத்துங்க."

குத்தினார்.

பூசியிருந்த அடைப்புப் பட்டி பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே... வட்டமாய் ஒரு ஓட்டை!

"ஓட்டையை அடைச்சு, தேய்ச்சு, மேல அதே கலர்ல பெயிண்ட்டும் அடிச்சிருக்கு. கொலை பண்ண வந்தவ உக்காந்து பெயிண்ட் காயற வரைக்கும் விசிறிட்டு இருப்பாளா சார்?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"அப்போ... இதையெல்லாம் பண்ணது?"

அவள் வெள்ளைத் துணியைப் பார்த்தாள்.

"பொய்!" அண்ணி கத்தினாள். "அபாண்டம்! செத்தவர் மேல பழி போடறியே, நாக்கு அழுகிடும்டி! எல்லாம் உன்னாலதான்! 'இது ஆறுதான்'னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருந்தா, அவர் எதுக்குடி போல்ட்டைக் கழட்டப் போறாரு...?"

சட்டென்று நிறுத்தினாள்.

கை தானாய் வாயைப் பொத்தியது.

லேட்!



"ஆக, உங்களுக்கும் தெரியும்." இன்ஸ்பெக்டர் குரலில் நெருப்பு.

அண்ணி தரையில் சரிந்தாள். "இன்னிக்குப் பத்து மணிக்கு ஒரு ஆள் வாங்க வர்றதா இருந்துச்சு சார்... தண்ணி ஏத்தி ஓட்டிக் காட்டணும்னு கேட்டாரு... இவ கையெழுத்து இருந்தா அந்த ஆள் மூலை முடுக்கெல்லாம் நோண்ட மாட்டாருன்னு..."

"நேத்து அந்தக் கையெழுத்துக்குத்தான் என்னை இங்க கூப்பிட்டான் சார்." ஸ்பானரின் குரல் முதல் தடவையாய் உடைந்தது. "போட மாட்டேன்னேன். லீவரை ஆட்டினா தண்ணி உச்சிக் கண்ணாடிக்கு ஏறும். நாற்பத்தஞ்சு லிட்டர்! மேல அவ்வளவு கனம், கீழ வெறும் தகரம், போல்ட் இல்ல... ஓட்டிப் பாக்க லீவரைப் பிடிச்சுத் தன் பக்கமா இழுத்திருக்கான். பம்பைப் பத்தி எனக்கு அ, ஆ சொல்லிக் குடுத்ததே அவன்தான் சார்! அவனுக்கா தெரியாது? அவ்வளவு அவசரம்... முட்டாள்! முட்டாள்!"

அடிப்பாகத்தை ஓங்கி உதைத்தாள்.

டொங்...!

ஸ்ட்ரெச்சர் வெளியே போனது. கதவு சாத்தும் சத்தம். ஆம்புலன்ஸ் உறுமியது.

இன்ஸ்பெக்டர் எரிச்சலோடு விலங்கைக் கான்ஸ்டபிளிடமிருந்து பிடுங்கினார்.

"அப்போ கொலைன்னு வந்த இந்தக் கேஸ்ல, நான் யாரைத்தான்மா பிடிக்கிறது?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சீக்கிரம் ஓடுங்க சார்... கொலைகாரன் ஆம்புலன்ஸ்ல ஏறித் தப்பிச்சுப் போறான்!"