கதவில்லாத இரண்டரை அடி

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்!

காவல் நிலையத்து டெலிபோன், தேள் கொட்டிய மாதிரி மேஜை மேல் துள்ளியது.

ஏட்டு வாயிலிருந்த பிஸ்கட்டை மெல்லவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல் ரிசீவரை எடுத்தார்.

"யாரு?"

"சார்... காப்பாத்துங்க!"

பிஸ்கட் தானாகவே உள்ளே போய்விட்டது.

"எங்கேர்ந்து பேசறீங்க?"

"வீட்டுக்குள்ளேர்ந்து சார்! கதவில்லாத வீடு!"

"கதவில்லேன்னா ரொம்ப வசதியாச்சே! எழுந்து வெளிய வாங்க!"

"யோவ்... கதவே வைக்கலய்யா! நாலு பக்கமும் தகடு! மயக்க மருந்து கொடுத்து, உள்ள போட்டு, சுத்தி சுவர் கட்டிட்டாங்க! மூச்சு... மூச்சு முட்டுது..."

"நீங்க யாரு, சொல்லுங்க!"

"தகடு வீடு கம்பெனி... முதலாளி..."

டொக்!

லைன் செத்துவிட்டது.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐந்து.

ஏட்டு திரும்பினார். இன்ஸ்பெக்டர் அம்மா ஏற்கெனவே ஜீப்பில் இருந்தாள்! அந்த அம்மாளுக்கு முன்னால் எமனே கிளம்பினாலும், இரண்டாவதாகத்தான் போய்ச் சேருவான்.

"ஏட்டய்யா... உள்ள காத்து எவ்வளவு நேரம் தாங்கும்?"

"அளந்து பாத்ததில்ல மேடம்!"

ஜீப் பறந்தது. வழியில் இரண்டு வேகத்தடைகள். இரண்டிலும் ஏட்டின் தலை கூரையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தது.

* * *

தகடு வீடு கம்பெனியின் மைதானம்.

நாற்பது மாதிரி வீடுகள். எல்லாம் ஒரே உயரம், ஒரே வெள்ளை, ஒரே மூஞ்சி. பெற்றவனையே கூட்டி வந்து நிறுத்தினாலும் அடையாளம் சொல்ல மாட்டான்!

இரும்புச் சட்டத்தை நட்டு, பேனலை மாட்டி, ஸ்க்ரூவை முறுக்கினால் வீடு ரெடி. காலையில் அஸ்திவாரம், சாயங்காலம் கிரகப்பிரவேசம். பேனல் என்பது இரண்டு தகடு, நடுவில் பஞ்சு. சாண்ட்விச் பேனல் என்று பெயர். கடித்தால் பல்தான் போகும்.

மைதானத்தில் ஈ, காக்கை இல்லை.

"இன்னிக்கு எல்லாருக்கும் லீவு விட்டுட்டாரு முதலாளி," என்றான் கேட் வாட்ச்மேன். "அவரு எட்டு மணிக்கே உள்ள போனாரு. அப்புறம் வந்தது ஒரே ஒரு ஆள்."

"யாரு?"

வாட்ச்மேன் கை நீட்டினான்.

ஆபீஸ் வாசலில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி. இடுப்பில் அளக்கும் டேப், காதில் பென்சில்.

ஸ்க்ரூ அக்கா!

பேனல் மாட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நிமிடத்துக்கு நாற்பது ஸ்க்ரூ இறக்குவாள் என்பார்கள் எண்ணியவர்கள். எண்ணாதவர்கள் அறுபது என்பார்கள். ஊருக்கெல்லாம் அவள் சும்மா அக்கா. முதலாளிக்கு மட்டும் கூடப்பிறந்த அக்கா.

"நீங்க... மூணு மணி விசாரணையில சாட்சி சொல்ல வேண்டியவங்கதானே?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"ஆமாம்மா."

இந்தக் கம்பெனி போன வருடம் கட்டிய தொழிலாளர் விடுதி ஒன்று, போன மாதம் எரிந்தது. மூன்று பேர் போய்விட்டார்கள். தீயை ஒரு மணி நேரம் தாங்கும் ராக்வூல் பஞ்சு வைத்த சுவர் என்று முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். சுவர் தாங்கியது நான்கே நிமிடம்! உள்ளே இருந்தது ராக்வூல் இல்லை, மலிவு ஃபோம் என்று தெரிந்த ஒரே ஜீவன் அக்கா. கருகிய மிச்சத்தை மறுநாளே லாரியில் அள்ளி, எங்கோ கொட்டி, மண்ணைப் போட்டு மூடியாகிவிட்டது.

மிச்சம் இருந்தது அக்காவின் வாய் மட்டும்.

"இன்னிக்கு இங்க எதுக்கு வந்தீங்க?"

"பத்து மணிக்கு வாக்கா, பேசித் தீத்துக்கலாம்னு தம்பிதான் கூப்பிட்டான். வந்து ஒரு மணி நேரமா உக்காந்திருக்கேன். ஆளையே காணோம்."

"உங்க தம்பியை யாரோ சுவருக்குள்ள வச்சு அடைச்சிருக்காங்க!"

அக்காவின் முகத்தில் இருந்த ரத்தம் மொத்தமும் கீழே இறங்கிச் செருப்பில் தேங்கியது.

"ஐயோ... எந்த வீட்ல?"

"தெரியாது!"

* * *

ஓடினார்கள்!

முதல் வீடு... காலி.

ஐந்தாவது... காலி.

பதினெட்டு... பல்லி ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு, போலீஸ் என்றதும் மறைந்தது.

"மேடம்!" ஏட்டு மூச்சிரைத்தார். "நாப்பது வீட்டுக்கும் கதவு இருக்கு! கதவில்லாத வீடு ஒண்ணுகூட இல்ல!"

பதினொன்று நாற்பது.

உள்ளே ஒருவன் தன் கடைசி மூச்சுகளை எண்ணிக்கொண்டிருக்கலாம்!

அக்கா சட்டென்று நின்றாள்.

"வீட்டுக்குக் கதவு இருக்கும்மா. வீட்டுக்குள்ள ஒரு ரூமுக்கு இல்லாம இருக்கலாமே?"

இடுப்பு டேப்பை உருவினாள். சர்ர்ர்ர்!

வெளியே அளந்தாள். உள்ளே அளந்தாள். அடுத்த வீட்டுக்குத் தாவினாள். அளந்தாள், ஓடினாள், அளந்தாள்...

இருபத்தேழாவது வீடு.

"வெளிய இருபது அடி. சுவர் கனம் போனா உள்ள பத்தொம்பது அடிக்கு மேல இருக்கணும். பதினாறரைதான் வருது!"

"அப்படின்னா?"

"பின் சுவருக்குப் பின்னாடி இன்னொரு சுவர் இருக்கு. நடுவுல ரெண்டரை அடி... தம்பி!"

அவள் சுவரில் ஓங்கி அறைந்தாள். "டேய்! கேக்குதாடா?"

பதில் இல்லை.

ஏட்டு மூலையில் கிடந்த கட்டிங் மெஷினைத் தூக்கினார்.

"வேணாம்! தீப்பொறி பறக்கும்! கை ரம்பம் போதும்!"

"ராக்வூல்தானேம்மா? தீப்பிடிக்காதே?"

"விடுதியிலயும் அப்படித்தான் எழுதியிருந்தது," என்றாள் அக்கா.

ரம்பம் கரகரவென்று இறங்கியது. தகட்டைத் தாண்டியதும் மஞ்சள் தூள் கொட்டியது. அக்காவின் நெற்றி வியர்வை ரம்பத்தில் சொட்டிச் சொட்டி...

தடால்!

வெட்டிய துண்டு விழுந்தது. பின்னாலேயே முதலாளியும் விழுந்தார்.

"தம்பி!" அக்கா அவரை மடியில் போட்டுக்கொண்டாள்.

முதலாளி கண்ணைத் திறந்தார். அக்காவைப் பார்த்தார். அலறினார்!

"இவதான்! மேடம், இவளேதான்! பேசலாம்னு கூப்பிட்டேன். டீயில மருந்து கலந்து... என்னை உள்ள போட்டு... கூடப்பிறந்தவளே!"

அக்காவின் கை அப்படியே காற்றில் நின்றது.

"தம்பி... என்னடா சொல்றே?"

"நாப்பது வீட்ல இந்த வீடுன்னு எப்படிக் கண்டுபிடிச்சா? கேளுங்க மேடம்! ஒத்தை ஆளா ஒரு மணி நேரத்துல சுவர் எழுப்ப வேற யாருக்குத் தெரியும்? அதையும் கேளுங்க!"

இன்ஸ்பெக்டர் வாட்ச்மேனைப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்தான். "வேற யாரும் வரலீங்களே..."

விலங்கு சத்தம் போட்டது. கிளிங்!

"மன்னிக்கணும்மா. நீங்க ஸ்டேஷனுக்கு வரணும்."

"மூணு மணிக்கு விசாரணை..."

"கொலை முயற்சிக் கைதி சாட்சி சொன்னா, யாரும்மா நம்புவாங்க?"

இருமிக்கொண்டிருந்த முதலாளியின் உதட்டோரம் லேசாக நெளிந்தது. எறும்பு ஊர்கிற அளவுக்குத்தான். அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"ஒரு அஞ்சு நிமிஷம் கொடுங்கம்மா. அப்புறம் விலங்கென்ன, சங்கிலியே போடுங்க."

"எதுக்கு?"

"அந்தப் புதுச் சுவரை வெளிப்பக்கம் பாருங்க. ஒரு ஸ்க்ரூ தெரியுதா?"

ஏட்டு தடவிப் பார்த்தார். வழவழ. "இல்லியே!"

"உள்ள போய்ப் பாருங்க."

ஏட்டு ஓட்டை வழியே தலையை விட்டு, டார்ச் அடித்தார். "அடேங்கப்பா! ஓரம் பூரா ஸ்க்ரூ மேடம்! ஒவ்வொண்ணுக்கும் குட்டிக் குட்டியா ரப்பர் குடை!"

"ஸ்க்ரூவோட தலை எந்தப் பக்கமோ, முறுக்கினவன் அந்தப் பக்கம்," என்றாள் அக்கா. "நான் அடைச்சிருந்தா தலையெல்லாம் வெளியில இருக்கும். இது உள்ள நின்னு தன்னைத்தானே அடைச்சுக்கிட்டவன் வேலை. அதுவும் குடை வாஷர்! அது மழைத் தண்ணி இறங்காம இருக்கக் கூரைக்குப் போடறது. மழையே பெய்யாத உள்சுவருக்கு யாராவது போடுவாங்களா? வாஷர் இல்லாம ஸ்க்ரூவைத் தொடாதேடான்னு சின்ன வயசுல இவன் மண்டையில குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தேன். பாவி, மறக்கல!"

"ரம்பம் போடறப்பவே தெரியுமா உங்களுக்கு?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"வெளிப்பக்கம் ஸ்க்ரூ இல்லேன்னப்பவே தெரிஞ்சுது. ஆனா உள்ள இருக்கறது தம்பியாச்சே. முதல்ல உயிரோட வரட்டும்னு பேசாம இருந்தேன்."

முதலாளி எழுந்து உட்கார்ந்தார். இருமல் காணாமல் போயிருந்தது.

"நல்ல கதை! அப்ப ட்ரில் மெஷின் எங்கே? உள்ள நான் மட்டும்தானே இருந்தேன்? ஸ்க்ரூவைப் பல்லால முறுக்கினேனா?"

இன்ஸ்பெக்டர் உள்ளே பார்த்தாள். வெறுந்தரை. ஒரு குண்டூசி கூட இல்லை!

விலங்கு மறுபடி அக்காவின் பக்கம் திரும்பியது.

அக்கா ஓட்டைக்குள் புகுந்தாள். விரலால் சுவரோரங்களைத் தடவிக்கொண்டே போனாள். முதல் மூலையில் இடுக்கை மூடிய தகட்டுப் பட்டி, அதில் ஆறு ஸ்க்ரூ. அடுத்த மூலையில் பட்டி...

நின்றாள்.

"இதுல மட்டும் ஸ்க்ரூ இல்லம்மா. ரெண்டு பக்கமும் ஒட்டற டேப்."

"அதனால?"

"ஏன் ஸ்க்ரூ போடல? போடற மெஷின்தான் பட்டிக்குப் பின்னாடி போயிடுச்சே!"

வெடுக்!

பட்டி கையோடு வந்தது. பேனலின் ஓரத்தில் மஞ்சள் ஃபோமைக் குடைந்து ஒரு பொந்து. பொந்துக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது ட்ரில் மெஷின்!

ஏட்டு முதலாளியின் பேன்ட் பாக்கெட்டைத் தட்டினார். மஞ்சள் தூள் புகையாகக் கிளம்பியது.

"குடைஞ்சதை எல்லாம் பாக்கெட்ல போட்டுக்கிட்டீங்களா சார்? ரொம்பச் சுத்தம்!" என்றவர், ஓட்டைக்குள் தன் செல்போனையும் நீட்டிப் பார்த்தார். "உள்ள டவரே இல்ல மேடம்! கடைசி பேனலை மூடறதுக்கு முன்னாடியே நமக்குப் போன் போட்டு அழுதிருக்காரு!"

கிளிங்!

விலங்கு கை மாறியது.

* * *

ஜீப்பில் முதலாளி அழுவார் என்று எதிர்பார்த்தால், சீட்டியடித்தார்!

"என்ன சார், சந்தோஷமா?"

"பின்னே? பொய்ப் புகார் கொடுத்தேன். அதிகபட்சம் சில மாசம். வெளிய வந்துடுவேன்."

"இருபத்தேழாவது வீட்ல ஃபோம் இருந்துதே!"

"அது மலிவு மாடல்னு போர்டே எழுதி வச்சிருக்கேன். விடுதிக்குப் போட்டது ராக்வூல். சர்டிபிகேட் என்கிட்ட இருக்கு. சுவர் உங்ககிட்ட இருக்கா?" அவர் பின் சீட்டைப் பார்த்துச் சிரித்தார். "தாராளமா மூணு மணிக்குப் போய்ச் சொல்லுக்கா. தம்பி மேல பொறாமைப்பட்ட அக்கான்னு சிரிப்பாங்க."

அக்கா இடுப்பு டேப்பை இழுத்து இழுத்து விட்டாள். அவன் சொன்னது உண்மை. மூன்று பேர் சாவுக்கு அவளிடம் இருந்தது ஒரு வாய். அவனிடம் இருந்தது ஒரு முத்திரை குத்திய காகிதம். விலங்கிலிருந்து தப்பித்தும் அவள் தோற்றுப்போய்த்தான் உட்கார்ந்திருந்தாள்.

மணி இரண்டு பத்து.

ஸ்டேஷன் பின்புறம் ஜீப் நின்றது.

"ஏட்டய்யா, சாரை லாக்கப்ல போடுங்க. நான் அம்மாவை விசாரணைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"வாங்க சார். பழைய லாக்கப் மழையில இடிஞ்சு போச்சு. இது ஆறு மாசம் முன்னாடி வச்சது. புத்தம் புதுசு!"

முதலாளி சீட்டியடித்துக்கொண்டே நடந்தார். வாசலில் நின்றார்.

சீட்டி பாதியில் அறுந்தது!

வெள்ளைத் தகட்டுச் சுவர். வெள்ளைத் தகட்டுக் கூரை. ஓரம் பூராவும் குடை வாஷர்.

"இ... இது எங்க கம்பெனி ரூமாச்சே!"

"ஆமா சார். டெண்டர் உங்களுக்குத்தானே கிடைச்சது? ஃபயர் சர்டிபிகேட்கூட ஃபைல்ல இருக்கு."

"வேற ரூம் இல்லையா?"

"ஏன், உங்க வீடு உங்களுக்கே பிடிக்கலியா?"

"மேடம்!" முதலாளி கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லியாய் ஒட்டினார். "மேலே பாருங்க... பல்பு ஒயர் பிரிஞ்சு தொங்குது! ஒரு பொறி விழுந்தாப் போதும்! என்னை உள்ள விடாதீங்க!"

இன்ஸ்பெக்டர் நிதானமாகத் திரும்பி வந்தாள், பின்னாலேயே அக்காவும்.

"எதுக்கு சார் பயம்? ராக்வூல். ஒரு மணி நேரம் தாங்கும். கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

முதலாளி கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

ஏட்டு அவரை உள்ளே தள்ளினார். பூட்டு விழுந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, ஒரு குச்சியை உருவினார்...

"ஐயோ, வேணாம்யா!" முதலாளியின் அலறலில் கூரைத் தகடு அதிர்ந்தது. "அத்தனையும் ஃபோம்யா! விடுதிக்குப் போட்ட அதே சரக்கு, அதே லாட்! மீந்ததைத்தான் இங்க மாட்டினேன்! பேனலைப் பிரிச்சுப் பாருங்க, விடுதி பில்லுல இருக்கற அதே லாட் நம்பர்தான்! நாலு நிமிஷத்துல சாம்பலாயிடுவேன்! அக்கா... நீயாவது சொல்லேன்!"

ஸ்க்ரூ அக்கா சுவரைப் பார்த்தாள். தேடிக்கொண்டிருந்த சாட்சி, எட்டடி உயரத்துக்கு எதிரே நின்றது.

"நான் சொன்னாச் சிரிப்பாங்கன்னியே தம்பி," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நீயே சொல்லு."

இன்ஸ்பெக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

ஏட்டு தீக்குச்சியை உரசவில்லை. பக்குவமாகக் காதுக்குள் விட்டு, கண்ணைச் செருகிக்கொண்டு இரண்டு சுற்று சுற்றினார்.

"காது குடையத்தான் எடுத்தேன் சார்... இப்ப நல்லாக் கேக்குது. முதல்லேர்ந்து சொல்லுங்க!"