பெட்டிக்குள் முப்பத்தேழு டிகிரி

பட்டப்பகல்தான். ஆனாலும் ஆஸ்பத்திரியின் நிலவறையில் விளக்குப் போட்டால்தான் கை தெரியும். ஈரச் சுவரின் நாற்றத்தோடு அமில நெடி.

யூபிஎஸ்ஸைக் கம்ப்யூட்டரோடு இணைக்க வந்திருந்தான் அவன். போன மழைக்காலத்தில், பேட்டரி தூக்கி வந்த அவன் அண்ணன் இதே அறையில்தான் கரண்ட் அடித்துச் செத்தான். இப்போது மேலே வார்டில், மூச்சுக் கருவியில் அண்ணி. கரண்ட் போனால் அந்தக் கருவியையும் இங்குள்ள லினக்ஸ் கம்ப்யூட்டரையும் தாங்குவது இந்த ஒரே யூபிஎஸ்.

"சார்ஜ் எவ்வளவுன்னு கம்ப்யூட்டர்ல தெரியணும். வயரை மாட்டிட்டுக் கிளம்புப்பா," என்றார் மேனேஜர், வாசலைத் தாண்டாமல்.

வயரைச் சொருகிக் கட்டளையைத் தட்டினான். திரையில் வரிகள் விழுந்தன. பேட்டரி நூறு சதவீதம். சுமை பன்னிரண்டு. பேட்டரியின் சூடு முப்பத்தேழு டிகிரி.

விரல் விறைக்கும் அறையில், ஆளின் உடம்புச் சூடு.

பேட்டரிப் பெட்டியைத் திறந்தான்.

காலி.

"பழசைத் தூக்கிப் போட்டதோட சரி, புதுசு வாங்கலை," மேனேஜர் தலையைச் சொறிந்தார். "ஆனா ஒரு தடவைகூட நின்னதில்லப்பா. ஓடுற மாட்டை நிறுத்திப் பல்லைப் புடிச்சுப் பாப்பாங்களா?"

அவர் போன சற்று நேரத்தில் கரண்ட் போனது.

இருட்டில், பெட்டிக்குள்ளிருந்து ஒரு முனகல்.

"ஹ்ம்ம்."

மூட்டையைத் தோளுக்கு ஏற்றும்போது அண்ணன் விடும் அதே முனகல். திரை மட்டும் அணையவில்லை. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

"அண்ணே... அண்ணிக்காகவா?"

வியர்வை வாடை முகத்தில் அடித்தது. நாற்பது.

போன் அடித்தது. நர்ஸ். "மேல வாங்க தம்பி. மெஷின் நல்லாத்தான் ஓடுது. உங்க அண்ணி உசுருதான் தங்கலை."

அவன் பெட்டிக்குள் தலையை விட்டான். "அண்ணே, அண்ணி போயிட்டாங்க. இறக்கி வச்சிரு. தூக்கினது போதும்."

நாற்பத்தொன்று.

கரண்ட் வந்தது. சூடு மெல்ல இறங்கி முப்பத்தேழில் நின்றது. அதற்குக் கீழே போகவில்லை.

அண்ணியை எரித்துவிட்டு மறுநாள், நிலவறையில் விட்டுப்போன பையை எடுக்க வந்தான். மேலே அண்ணியின் கட்டிலில் வேறொருவர். நன்றாக ஓடுகிறதே என்று பக்கத்து வார்டையும் இந்த யூபிஎஸ்ஸிலேயே மாட்டியிருந்தார்கள். நிலவறைத் திரையில் சுமை இருபத்துநான்கு.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது.

இந்த முறை பெட்டிக்குள் முனகியது இரண்டு பேர்.