காணாமல் போன முப்பத்தாறு ஜிபி

ஐந்நூறு ஜிபி என்று மேலே ஒட்டியிருந்த டிஸ்க், திரையில் நானூற்று இருபத்தொன்பது என்று காட்டியது.

ஐந்நூறு என்று விற்கிற டிஸ்க் எதுவுமே திரையில் ஐந்நூறைக் காட்டாது. கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவான், கணினி ஆயிரத்து இருபத்துநான்காக எண்ணும். இதைப் பழுதுபார்க்கக் கணினி கொண்டுவருகிறவர்களுக்கெல்லாம் விளக்கி விளக்கி அவனுக்கு வாய் வலித்திருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கின்படியே பார்த்தாலும் நானூற்று அறுபத்தைந்தாவது இருக்க வேண்டும். மிச்சம் முப்பத்தாறு எங்கே போயிற்று?

வீட்டின் முன்னறைதான் அவனுடைய பட்டறை. செத்த கணினிகளைப் பிழைக்கவைப்பவன் என்பதால் தெருவில் அவனுக்கு ‘டாக்டர்’ என்று பெயர். இந்த டிஸ்க்கை யாரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. ஆறு வருடங்களுக்கு முன்னால் இதே மேசையில் ஓடிக்கொண்டிருந்த அவனுடைய சொந்தக் கணினியில் இருந்தது. மகள் இறந்த வாரத்தில் அந்தக் கணினியை அணைத்துப் பரணில் ஏற்றியவன், பிறகு அந்தப் பக்கம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இப்போது மனைவிதான் கேட்டாள்.

“சுவத்துல மாட்ட ஒரு படம் வேணுங்க. யூனிஃபார்ம் போட்ட அந்த ஒத்தப் படத்தையே எத்தனை நாளைக்குப் பாக்குறது? பழைய கம்ப்யூட்டர்ல வாண்டு சிரிக்கிற படமெல்லாம் இருந்துச்சே.”

படங்கள் இருந்தன, இருநூற்றுப் பதினொன்று. எல்லாவற்றையும் வேறு கணினிக்கு மாற்றிக் காட்டினான். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், அழவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, டிஸ்க்கில் கொஞ்சம் இடம் குறைகிறது என்று வாயைவிட்டான்.

“குறையுற இடத்துல அவளோட படம் இன்னும் இருக்குமோ?”

“இருக்காதும்மா. டிஸ்க் பழசாயிடுச்சு, அவ்வளவுதான்.”

“பாத்துட்டுச் சொல்லுங்க. பாக்காமலே சொல்லாதீங்க.”

மறுநாள் அவள் பள்ளிக்கூட அலுவலக வேலைக்குக் கிளம்பியதும் உட்கார்ந்தான். வயரை மாற்றினான். வேறு கணினியில் மாட்டினான். தூசி வாடையும் சூடான பிளாஸ்டிக் வாடையும் அறையில் மெல்லப் பரவ, டிஸ்க் உள்ளே சுழன்று சுழன்று ஏதோ ஒரு சின்ன மிருகம் தூக்கத்தில் முனகுவதுபோல் ஓசையிட்டுக்கொண்டிருந்தது. அதே நானூற்று இருபத்தொன்பது. வேலைப் பழக்கத்தில், எம்பி வரைக்கும் துல்லியமான எண்ணை ஒரு தாளில் குறித்துவைத்தான்.

அடுத்த நாள் அதில் பதினாறு எம்பி குறைந்திருந்தது. அதற்கும் அடுத்த நாள் இன்னொரு பதினாறு.

இரவு முழுக்க டிஸ்க் வயர் இல்லாமல் அலமாரியில் கிடந்தது. பழைய டிஸ்க்கில் கெட்டுப்போன பகுதிகள் கூடும், தெரியும். அதற்காக மொத்த அளவு குறைந்து காட்டாது. அதுவும் நாள் தவறாமல், சொல்லிவைத்தாற்போல் பதினாறு. அவன் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

டிஸ்க்கின் கடைசிப் பகுதியைக் கணினியின் கண்ணில் படாமல் மறைத்துவைக்க ஒரு வழி உண்டு. சில கம்பெனிகள் தங்கள் பழுதுபார்க்கும் மென்பொருளை அங்கேதான் ஒளித்துவைக்கும். அவன் கறுப்புத் திரையைத் திறந்து அதற்கான கட்டளையைத் தட்டினான். பதில் உடனே வந்தது. மறைத்த பகுதி இருக்கிறது. முப்பத்தாறு ஜிபி. இன்னொரு கட்டளை. டிஸ்க்கை அணைத்து மீண்டும் போட்டான்.

திறந்துகொண்டது.

உள்ளே இரண்டாயிரத்து முந்நூறு கோப்புகள். எல்லாம் ஒலிப்பதிவு. ஒவ்வொன்றும் பதினாறு எம்பி, பதினேழு நிமிடம். பெயருக்குப் பதிலாகத் தேதி. நாளுக்கு ஒன்று, ஒரு நாளும் விடுபடாமல். முதல் தேதியைப் பார்த்ததும் அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

அந்தத் தேதியில் நடந்ததாக ஊருக்கும் மனைவிக்கும் அவன் சொன்னது ஒன்றுதான்: நான் வேலையாக இருந்தேன், பிள்ளை எப்போது கொல்லைப்பக்கம் போனாள் என்று கவனிக்கவில்லை. தூக்கிப்போட வைத்திருந்த பழைய குளிர்பெட்டிக்குள் அவளாகவே போய் ஒளிந்திருக்கிறாள், உள்ளிருந்து கதவு திறக்கவில்லை. இருபது நிமிடத்துக்குள் முடிந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. மனைவிதான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு தேற்றினாள்.

ஹெட்போனை மாட்டி முதல் கோப்பைத் திறந்தான்.

அவனுடைய குரல். “நூறு வரைக்கும் எண்ணுறேன். ஓடு, ஓடு!”

சின்னக் கால்கள் ஓடும் சத்தம். குளிர்பெட்டிக் கதவின் ரப்பர் ஒட்டிக்கொள்ளும் சத்தம். வாயைப் பொத்திக்கொண்டு அடக்கும் சிரிப்பு. “என்னைக் கண்டுபிடிக்கவே முடியாதே.” தூரத்தில் வாசலில் யாரோ, “டாக்டர், லேப்டாப் ஆன் ஆகல, அவசரம்.” அவன் பேசுகிறான். சிரிக்கிறான். யாரோ நாற்காலி இழுத்துப் போடுகிறார்கள். அருகில், மிக அருகில், மூச்சு.

பிறகு தட்டல்.

முழுவதும் கேட்டான், நிறுத்த முடியவில்லை. பத்தாவது நிமிடத்துக்குமேல் தட்டுகிற கை தளர்ந்தது. பதினேழாவது நிமிடத்தில் ஒன்றுமில்லை.

பழைய பதிவு, என்று சொல்லிக்கொண்டான். அன்றைக்கு மேசைமேல் மைக் இருந்தது. எப்படியோ பதிவாகியிருக்கிறது. மைக் முன்னறையில் இருந்தது, அவள் கொல்லையில் இருந்தாள் என்பதை நினைக்காமலிருக்கப் பார்த்தான். கை தானாகவே பட்டியலின் அடிக்குப் போனது. கடைசிக் கோப்பு. இன்றைய தேதி.

மூச்சு. தட்டல். குரல் மாறவே இல்லை, அதே ஆறு வயது.

“அப்பா, வயரை மாத்துனியே. கொஞ்சூண்டு வெளிச்சம் வந்துச்சுப்பா. அப்புறம் போயிடுச்சு.”

அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான்.

“நீ டைப் பண்றது கேக்குதுப்பா. எண்ணி முடிச்சிட்டியா? மூச்சு முட்டுதுப்பா.”

வாசலில் கேட் திறந்தது. மணி நாலரைகூட ஆகவில்லை. இன்றைக்கென்று பார்த்து மனைவி சீக்கிரம் வந்துவிட்டாள். நேராக இங்கேதான் வருவாள். டிஸ்க்கில் என்ன இருந்தது என்று கேட்பாள். முதல் கோப்பைக் கேட்பாள். நூறு வரைக்கும் எண்ணுறேன். ஓடு, ஓடு.

அவன் விரல்களுக்கு யோசனை தேவைப்படவில்லை. அந்தப் பகுதி முழுக்கப் பூஜ்யம் எழுதி அழிக்கச் சொல்லும் கட்டளை. பழக்கமானதுதான். அடித்தான். சதவீதம் ஓடத் தொடங்கியது. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான்.

சத்தம் நிற்கவில்லை.

இப்போது டிஸ்க்கிலிருந்தே வந்தது. டக். டக். டக். உள்ளே தகட்டைப் படிக்கிற முள் இடிக்கிற சத்தம்தான், கெட்டுப்போகிற டிஸ்க் எல்லாம் இப்படித்தான் இடிக்கும். இருபது சதவீதம். டக்டக். டக்டக்டக். இரண்டு கைகளாலும். நாற்பது. மேசை அதிர்ந்தது. நிறுத்தலாம். ஒரே ஒரு பொத்தான். அறுபது. நிறுத்தினால் மனைவி கேட்பாள்.

நிறுத்தவில்லை.

“என்னங்க, யாரு தட்டுறது?” மனைவி வாசற்படியில் நின்றாள், பை இன்னும் தோளில்.

“டிஸ்க்மா. போச்சு. கெட்டுப்போச்சு.”

“எதுவும் இருந்துச்சா?”

“ஒண்ணுமில்ல. வெறும் இடம்.”

தொண்ணூறு. தட்டல் தளர்ந்தது. நடுவில் இடைவெளி விட்டது. ஒன்று. நெடுநேரம் கழித்து இன்னொன்று. நூறு.

அமைதி.

திரையில் நானூற்று அறுபத்தைந்து என்று வந்தது. முழு அளவு, ஓர் எம்பிகூடக் குறையாமல். அவன் வயரைப் பிடுங்கினான். உள்ளே சுழல்வது மெல்ல மெல்ல ஓய்ந்து நின்றது.

“கெட்டுப்போனா என்ன, அவ இருந்த டிஸ்க்குதானே. குடுங்க, நான் வச்சிக்கிறேன்.” மனைவி அதை எடுத்தாள், வெயில் விழுகிற ஜன்னலோரம் கொண்டுபோனாள். நின்றாள். “என்னங்க இது?”

டிஸ்க்கின் உலோக மூடி தட்டையாக இல்லை. உள்ளிருந்து வெளிப்பக்கமாக நான்கு சின்ன மேடுகள், வரிசையாக, ஒரு குழந்தையின் விரல் நுனி அளவில்.

அவள் தன் நான்கு விரல்களை ஒவ்வொன்றாக அவற்றின்மேல் வைத்துப் பார்த்தாள். கட்டைவிரல் மட்டும் வெறும் தகட்டின்மேல் இருந்தது.

அதற்கடியில், மெதுவாக, ஐந்தாவது மேடு எழும்பியது.